செக்கிங்கில் நின்றுபோன புரதம்

சென்ற மாதம் கோவையில் நரம்பியல் மருத்துவர்கள் கூட்டம் ஒன்றுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். ஓய்வு பெற்றவர்களை முன்வரிசையில் உட்காரவைத்து, சால்வை போர்த்தி, பேசவிடாமல் வழியனுப்பும் வழக்கப்படிதான். மேடையில் ஓர் இளம் டாக்டர், செல்லுக்குள் புரதங்கள் தயாராகி எப்படி இடம்விட்டு இடம் போகின்றன என்பதை வண்ணப்படங்களாகக் காட்டினார். கை நடுங்குவது, கால் இழுப்பது, கழுத்து திருகிக்கொள்வது என்று நாம் பார்க்கும் பல நோய்களுக்குப் பின்னால் இந்தப் போக்குவரத்துக் கோளாறு இருக்கிறது என்றார். நன்றாகவே பேசினார். டீ இடைவேளையில் என்னிடம் வந்து, ஜீன் டெஸ்ட் எல்லாம் இல்லாத காலத்தில் நீங்கள் எப்படித்தான் சமாளித்தீர்கள் என்று கேட்டார். நெருப்பு கண்டுபிடிக்கும் முன் எப்படிச் சோறு பொங்கினீர்கள் என்று விசாரிக்கும் குரல். அவர் கையிலிருந்த சமோசா ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமில்லை அது. அதனால் எழுதுகிறேன்.

நான் தென்மாவட்டத்துக்காரி. மதுரையில் மருத்துவம், சென்னையில் நரம்பியல். எனக்கு நரம்பியல் சொல்லித்தந்த பேராசிரியருக்கு ஒரே கொள்கைதான்: நோயாளி கதவிலிருந்து நாற்காலிக்கு வருவதற்குள் பாதி வியாதி தெரிந்துவிட வேண்டும், மீதிப் பாதிக்குத்தான் படிப்பு. அந்த வருடங்களில் தூக்கம் போதவில்லை என்பதைத் தவிர வேறு சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாயிரத்துக்குப் பிறகு என் கணவருக்குத் திருப்பூருக்கு மாற்றலானது. அங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தேன்.

மருத்துவமனைக்கு உரிமையாளரும் தலைமை மருத்துவரும் ஒருவரே. நாங்கள் அவரைச் சீஃப் என்போம். ஊரின் பனியன் கம்பெனி முதலாளிகளில் பாதிப்பேர் அவருக்குச் சொந்தம். மீதிப்பேர் சொந்தமாகப் போகிறவர்கள். சீஃப் நோயாளியைத் தொடமாட்டார். நாற்காலியில் சாய்ந்து, கண்களை மூடி, கதை கேட்பதுபோல் கேட்பார். பிறகு கண் திறந்து, "நரம்புத் தளர்ச்சி" என்பார். தலை சுற்றினால் நரம்புத் தளர்ச்சி. தூக்கம் வராவிட்டால் நரம்புத் தளர்ச்சி. மருமகள் எதிர்த்துப் பேசினால் மாமியாருக்கு நரம்புத் தளர்ச்சி. மருந்து, சிவப்பு நிற வைட்டமின் ஊசி. அது சிவப்பாக இருந்ததால் ரத்தமே ஏறுகிறது என்று ஜனங்கள் நம்பினார்கள். அவர் மறுத்துச் சொன்னதில்லை. கூடவே, செம்புக் குடத்தில் ஊற்றிவைத்த தண்ணீரை வெறும் வயிற்றில் குடிக்கச் சொல்வார். நரம்புக்கு அது டானிக்காம்.

வாசலில் 'நரம்பியல் துறை' என்று அவர் ஏற்கனவே பலகை மாட்டியிருந்தார். பலகைக்குக் கீழே உட்கார ஓர் ஆள் வேண்டியிருந்தது. அதுதான் என் வேலை. என்னை 'அம்மிணி' என்று கூப்பிடுவார். அதில் பாசமும் உண்டு, நீ சின்னவள் என்ற நினைவூட்டலும் உண்டு.

ஒரு கோடையில் சீஃப் அமெரிக்காவில் இருக்கும் மகளைப் பார்க்கப் போனார். அவருடைய நோயாளிகளுக்கு ஊசி போட்டு அனுப்பும் பொறுப்பு எனக்கு வந்தது. அப்படி வந்தவன்தான் சசி. இருபது வயதைத் தாண்டாத பையன். கூட வந்தவர் அவன் அப்பா சென்னியப்பன். குன்னத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். அப்போது நல்லூரில் சாயப்பட்டறையும் சிறிய பனியன் கம்பெனியும் நடத்திக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் இரண்டு செல்போன்.

கதவிலிருந்து நாற்காலிக்கு வருவதற்குள் சசி என் பேராசிரியரை எனக்கு நினைவுபடுத்திவிட்டான். ஒரு கால் லேசாக உள்பக்கம் திரும்பியிருந்தது. கையை உடம்போடு ஒட்டி வைத்திருந்தான். வாய் பிளந்து, உதடுகள் பின்னுக்கு இழுபட்டு, எதையோ நினைத்துச் சிரித்துக்கொண்டே இருப்பதுபோல் முகம். ஓரத்தில் எச்சில் வழிந்தது. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டான்.

சென்னியப்பன் உட்காராமலே சொன்னார். கோவையில் என்ஜினியரிங் சேர்த்தார்களாம். இரண்டாம் வருடத்தில் கையெழுத்துக் கிறுக்கலாகிப் பரீட்சையில் தோற்றானாம். ஹாஸ்டலில் கஞ்சா பழகிவிட்டான் என்று சந்தேகப்பட்டு வீட்டுக்கு அழைத்துக்கொண்டார்களாம். அதற்குப் பிறகு பேச்சும் குழற ஆரம்பித்ததாம். மனநல மருத்துவர் ஒருவரைப் பார்த்தார்கள். ஒரு கோயிலில் வேப்பிலை அடித்தார்கள். கடைசியில் சீஃபிடம் வந்து, பல மாதமாகச் சிவப்பு ஊசி.

"எல்லாங்கூடப் பொறுத்துக்கலாமுங்க. இந்தச் சிரிப்பு இருக்குது பாருங்க, அதைத்தான் பொறுக்க முடியல. பனியன் வாங்க வெளிநாட்டுப் பையர் வந்தா அவனைப் பாத்துச் சிரிக்கறான். இவங்கம்மாவப் பெத்த அப்புச்சி செத்த எழவுல பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கறானுங்க. அத்தனை சனம் பாக்குது. அங்கயே கன்னத்துல ஒண்ணு உட்டேன்" என்றார்.

நான் ஊசியை எடுக்கவில்லை. சசியின் கைகளை மடக்கி, முழங்கைகளைப் பக்கவாட்டில் தூக்கி, இரண்டு கை விரல்நுனிகளையும் மூக்குக்கு நேரே எதிரெதிராக வைத்துக்கொள்ளச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. இங்கேதான் அவசரக்கார டாக்டர் 'சரி, இறக்கு' என்று சொல்லிவிடுவார். காத்திருந்தால், தோளிலிருந்து நடுக்கம் கிளம்பும். சசிக்கும் கிளம்பியது. கனத்த பறவை ஒன்று மேலே எழும்ப முயல்வதுபோல் இரண்டு கைகளும் அடித்துக்கொண்டன. சென்னியப்பன் பயந்துபோய் மகனின் தோளைப் பிடித்தார்.

சின்ன வயதில் மஞ்சள் காமாலை வந்ததா என்று கேட்டேன். பள்ளிக்கூடம் போகும்போது ஒருமுறை வந்து, பச்சிலை கொடுத்துச் சரியானதாகச் சொன்னார். மனைவி சொந்தமா என்று கேட்டேன். சொந்தத் தாய்மாமன் மகள். ஆளை உட்காரச் சொன்னேன்.

"அது சிரிப்பு இல்லைங்க. முகத்துத் தசை இழுக்குது. அவனால உதட்டை மூட முடியல. எழவு வீட்டுலயும் அப்படித்தான்" என்றேன்.

அவர் மகனைப் பார்த்தார். அவனிடமே கேட்டார். "அப்ப நீ அன்னிக்கு அழுதுட்டாடா இருந்த?"

சசி ஆமாம் என்று தலையை ஆட்டினான். அதே சிரித்த முகத்தோடு.

கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தால் எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. நம் ஊர்க் கண்களின் கருமை அப்படி. தெருக்கோடியிலிருந்த கண் மருத்துவரிடம் அனுப்பினேன். அவர் ஸ்லிட் லேம்ப் வைத்துப் பார்த்துவிட்டுப் போனில் கூப்பிட்டார். கருவிழியின் விளிம்பைச் சுற்றிப் பழுப்புப் பச்சையில் வளையம் இருக்கிறது, புத்தகத்தில் பார்த்ததோடு சரி, நிஜத்தில் இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். குரலில் அவ்வளவு சந்தோஷம். நோயாளிக்கு மோசமான செய்தி என்றால் எங்கள் டாக்டர் ஜாதிக்கு இப்படி ஒரு குதூகலம் வந்துவிடும்.

அது வில்சன் நோய். உடம்பில் செம்பு சேர்ந்துகொண்டே போவது. முதலில் கல்லீரலில், பிறகு மூளையில், போகிற வழியில் கண்ணில். அந்தப் பையனுக்குத்தான் எங்கள் மருத்துவமனை பல மாதமாகச் செம்புக் குடத்துத் தண்ணீர் சிபாரிசு செய்திருந்தது.

உறுதிப்படுத்த ரத்தப் பரிசோதனையும், ஒரு நாள் முழுக்கப் பிடித்த சிறுநீரில் செம்பின் அளவும் வேண்டும். சிறுநீரைச் சுத்தமான பிளாஸ்டிக் கேனில் பிடிக்க வேண்டும், உலோகம் பட்டதாக இருக்கவே கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னேன். சென்னியப்பன் கவனமாகக் கேட்டுக்கொண்டார். மறுவாரம் லேபிலிருந்து போன் வந்தது. இது மனிதன்தானா, வெங்கலப் பானையா என்று கேட்டார்கள். அந்த அளவு செம்போடு யாரும் நடமாட முடியாதாம். விசாரித்தால், அப்பா தன் சாயப்பட்டறையிலிருந்து நல்ல நீலக் கேன் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஆள் வைத்துப் பளபளவென்று கழுவிக் கொடுத்திருக்கிறார். சாயம் ஒட்டிக்கொள்ளச் செம்பு உப்புக் கரைசல் ஊற்றிவைத்த கேன். புதுக் கேன் வாங்கி மறுபடி பிடித்தோம். இந்த முறை லேப்காரர்கள் கிண்டல் செய்யவில்லை. அளவு பலமடங்கு இருந்தது. ரத்தத்தில் செம்பைச் சுமக்கும் புரதமும் அடிமட்டத்தில் இருந்தது.

இதற்குள் சீஃப் திரும்பிவிட்டார். ரிப்போர்ட்டைக் கையில் வாங்காமல், கண் மூடி, நான் சொன்னதைக் கேட்டார். "அம்மிணி, ஊருக்குப் புதுசா வந்தவங்க பேர் தெரியாத வியாதியெல்லாம் கண்டுபுடிக்கக் கூடாது. சனம் கோயமுத்தூருக்குப் போயிரும்" என்றார். பிறகு, செம்புத் தண்ணீரை மட்டும் நிறுத்திவிடுவோம், ஊசி பாட்டுக்குப் போகட்டும் என்று சமாதானம் பேசினார். ஊசியால் கெடுதல் இல்லை என்பதால் நானும் விட்டுவிட்டேன்.

இது ஏன் வந்தது என்று சென்னியப்பன் கேட்டார். அவருக்கு எப்படி விளக்குவது என்று யோசித்தேன். செல் என்பது ஒரு கம்பெனி என்று ஆரம்பித்தேன். அங்கே புரதம் தயாராகும். ஒவ்வொரு புரதமும் சரியாக மடிந்திருக்கிறதா என்று அங்கேயே சோதனை நடக்கும். சரியாக இருந்தால்தான் அடுத்த இடத்துக்குப் போகும். கல்லீரலில் ஒரு புரதத்தின் வேலை, மிச்சமுள்ள செம்பை ஏற்றி வெளியே அனுப்புவது. உங்கள் பையன் மாதிரிப் பலருக்கு அந்தப் புரதம் தயாராகிறது, ஆனால் மடிப்புப் பிசகால் சோதனையிலேயே நிறுத்திவிடுகிறார்கள், போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்வதில்லை என்றேன். இவருக்கா புரியாது?

"செக்கிங்ல பீஸு ரிஜெக்ட்டுங்களா?" என்றார்.

ஆமாம் என்றேன். ஓரளவு வேலை பார்க்கக்கூடிய பீஸ்கூட அங்கே மாட்டிக்கொள்வதுண்டு என்றும் சொன்னேன்.

"அட, செகண்ட்ஸுன்னு கொறஞ்ச வெலைக்கு வெளிய தள்ளியுட்ரலாமுங்களே. சின்ன ஓட்டைக்குப் போய் யாராச்சும் லாட்டையே நிறுத்துவாங்களா? அந்தச் செக்கிங்காரனுக்கு எடுத்துச் சொல்ல மருந்து மாத்திரை இல்லீங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செக்கிங்காரனின் கண்ணை மறைத்து அந்தப் பீஸைக் கடத்திக்கொண்டுவர முடியுமா என்றுதான் பெரிய பெரிய ஆய்வகங்களில் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். இவருக்கு அது தொழில் புத்தி. வெளியேற வழியில்லாமல் செம்பு உள்ளே தேங்கினால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் உவமை வைத்திருந்தேன். சாயக்கழிவு என்ற சொல் என் வாயில் வந்ததும் அவர் முகம் மாறியது. நொய்யல் ஆற்றில் சாயம் கலக்கிறது என்று வழக்குப் போட்டவர்களில் ஒருத்தியோ இவள் என்பதுபோல் பார்த்தார். உவமையைப் பாதியிலேயே விட்டேன்.

மருந்து இருக்கிறது, செம்பைக் கவ்விச் சிறுநீரோடு வெளியே கொண்டுபோகும் என்றேன். திருப்பூர் மருந்துக்கடைகளில் அது கிடைக்காது, சென்னையிலிருந்து வரவழைக்க வேண்டும், வாழ்நாள் முழுவதும் சாப்பிட வேண்டும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னேன்: சிலருக்கு ஆரம்பத்தில் நோய் அதிகமாகும், பயந்து நிறுத்திவிடக் கூடாது. அவர் சம்மதித்தார். மிகக் குறைந்த அளவில் ஆரம்பித்தேன்.

அப்படியும் சசிக்கு அதிகமானது. சில வாரங்களில் நடை நின்றது. சாப்பாட்டை விழுங்கச் சிரமப்பட்டான். பிறகு பேச்சு அடியோடு போனது. கண் மட்டும் எல்லாவற்றையும் புரிந்துகொண்டு பார்த்தது. வார்டில் சேர்த்து, மருந்தின் அளவை இன்னும் குறைத்து, துத்தநாக மாத்திரையையும் சேர்த்தேன். குடலில் செம்பு ஏறாமல் அது தடுக்கும். சென்னியப்பன் என் அறைக்கு வந்து நின்றார்.

"அதிகமாகும்னு நீங்க சொன்னீங்க. சொல்லலைன்னு நான் சொல்ல மாட்டேனுங்க. ஆனா நெசமாவே ஆகும்னு நெனைக்கலீங்க."

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சீஃப் அன்று மாலையே வார்டுக்கு வந்தார். அந்தக் குடும்பத்தின் முன்னால், என் காதில் விழும்படி, இளம் டாக்டர்களுக்கு ஆர்வம் ஜாஸ்தி என்றார். அவர் கவலைப்படவில்லை என்று நினைக்காதீர்கள். மிகவும் கவலைப்பட்டார். பையனுக்கு ஏதாவது ஆனால் அது 'நரம்பியல் துறையின் கேஸ்' என்று எல்லா நர்சுகளிடமும் தனித்தனியாகச் சொல்லிவைத்தார்.

இன்னொரு பிரச்சினையும் இருந்தது. சசிக்கு மூத்தவள் ஒருத்தி, நித்யா. பி.காம். முடித்து அப்பாவின் கம்பெனியில் ஷிப்மென்ட் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூடப்பிறந்தவர்களுக்கு நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு, அறிகுறி வருமுன் கண்டுபிடித்தால் நோயே தலைகாட்டாமல் தடுக்கலாம் என்று முதல் நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன். சென்னியப்பன் பிடிகொடுக்கவில்லை. அவளுக்கு ஊத்துக்குளியில் இருக்கும் தாய்மாமன் மகனோடு நிச்சயம் ஆகியிருந்தது. பரிசோதனை என்று லேப் வாசலில் நின்றாலே செய்தி ஊத்துக்குளிக்குப் போய்விடும். அவள் நன்றாகத்தானே இருக்கிறாள் என்றார். சசியும் நன்றாகத்தானே இருந்தான் என்று நான் சொல்லவில்லை. வாய்வரை வந்தது.

தம்பிக்குப் பேச்சு போன பிறகு ஒரு மத்தியானம் நித்யா தனியாக ஸ்கூட்டியில் வந்தாள். கடையில் புதிதாக வாங்கி, மூடி பிரிக்காத பிளாஸ்டிக் கேன் ஒன்றை என் மேஜைமேல் வைத்தாள்.

"இது போதுமுங்களா மேடம்? அப்பா எடுத்த கேன் இல்லீங்க."

வீட்டில் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றாள். நிச்சயமானதை யோசித்தாயா என்றேன்.

"யோசிச்சேனுங்க. கல்யாணம் நின்னா வேற பாத்துக்கலாம். தம்பி மாதிரி வாய் பேச முடியாம படுத்துட்டா, அப்பறம் எனக்கு என்ன வேணும்னு நான் யாருகிட்டச் சொல்றது?"

முடிவு வந்தது. அவளுக்கும் இருந்தது. கையில் நடுக்கமில்லை, பேச்சில் குழறலில்லை. ஆனால் கருவிழியின் மேல்விளிம்பில் வளையம் ஆரம்பித்திருந்தது. அவளிடம் சொன்னபோது அழுவாள் என்று தண்ணீர் எடுத்துவைத்திருந்தேன். அவள் மருந்துச் சீட்டை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, அப்பாவிடம் தானே சொல்லிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

அப்பாவிடம் மட்டுமல்ல, ஊத்துக்குளிக்கும் அவளே போன் போட்டுச் சொன்னாள். அங்கிருந்து பத்து நாளில் பதில் வந்தது. ஜாதகத்தை வேறு ஜோசியரிடம் காட்டினார்களாம், பொருத்தம் குறைகிறதாம். எங்கள் லேபைவிட அந்த ஜோசியரின் கணக்கு வேகமானது. நித்யா அதற்காக என்ன வருத்தப்பட்டாளோ, எனக்குத் தெரியாது. என்னிடம் அதைப் பற்றி அவள் பேசியதே இல்லை.

ஆனால் அந்த வீட்டில் மருந்து நிற்காமல் போனதற்குக் காரணம் அவள்தான். சென்னியப்பன் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கேரளாவுக்கு நாட்டு வைத்தியத்துக்குக் கொண்டுபோவதாக முடிவு செய்திருந்தார். வேனும் பேசிவிட்டார். நித்யா வார்டில் தம்பி கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்து, தன் மாத்திரையை அவன் முன்னால் வாயில் போட்டுக்கொண்டாள். அவனுடையதைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து, அவன் மூக்கில் போட்டிருந்த டியூப் வழியாக அனுப்பினாள். அப்பாவிடம், "அவனை நிறுத்துனா நானும் நிறுத்திக்குவேனுங்கப்பா" என்றாள். சண்டை போடவில்லை. ஷிப்மென்ட் தேதி சொல்வதுபோல் சொன்னாள். வேன் திரும்பிப் போயிற்று.

பிறகு நடந்ததில் வீரம் ஒன்றுமில்லை. காத்திருந்தோம். மாதங்கள் போயின. முதலில் விழுங்கினான், டியூபை எடுத்தோம். பிறகு பிடித்துக்கொண்டு நின்றான். முகத்தின் இழுப்பு தளர்ந்து ஒருநாள் உதடுகள் ஒன்றையொன்று தொட்டன. அவன் அம்மா அதைப் பார்த்துவிட்டு என்னை வந்து கூட்டிக்கொண்டு போனார். வாய் மூடியிருக்கும் ஒரு பையனை நாங்கள் இருவரும் அதிசயம்போல் நின்று பார்த்தோம். பேச்சுதான் கடைசியில் வந்தது. குழறலாக, சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு. நித்யாவுக்கு இன்றுவரை எந்த அறிகுறியும் இல்லை. இப்போது கம்பெனியே அவள் கையில்தான் இருக்கிறது. வேறு இடத்தில் கல்யாணமாகிக் குழந்தையும் இருக்கிறது.

ஓரிரு வருடங்களுக்குப் பிறகு எங்கள் மருத்துவமனையின் ஆண்டு விழாவைக் கல்யாண மண்டபம் ஒன்றில் நடத்தினார்கள். சீஃப் மைக்கைப் பிடித்து, அபூர்வ வியாதி ஒன்றைத் தாம் கண்டுபிடித்த வரலாற்றைச் சொன்னார். பையன் உள்ளே நடந்து வரும்போதே தெரிந்துவிட்டதாம். சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளத்தான் அமெரிக்காவுக்கே போனாராம். பேத்தி பிறந்து, அதைப் பார்க்கப் போனதை மறந்துவிட்டார். பிறகு சசியை மேடைக்கு அழைத்து, ரெண்டு வார்த்தை பேசு கண்ணு என்று மைக்கைக் கொடுத்தார்.

சசி மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். கூட்டம் காத்திருந்தது.

"வியாதியக் கண்டுபுடிச்சது, இவரு இல்லீங்க" என்றான். மூச்சு வாங்கினான். "அந்த டாக்டரம்மாங்க."

சீஃப் ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை. பக்கத்து மைக்கை எடுத்து, "பாத்தீங்களா, ஞாபகசக்தி எப்படியிருக்குதுன்னு. அத்தனையும் நம்ம ட்ரீட்மெண்ட்டுங்க" என்றார். கூட்டம் கைதட்டியது. மனிதர் மேல் எனக்கு அன்று ஒரு மரியாதையே வந்தது.

கைதட்டல் ஓய்ந்தும் சசி மைக்கைத் தரவில்லை. தான் இப்போது போய்வரும் அப்பாவின் கம்பெனியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தான். கரண்ட் எப்போது போகிறது, எந்த டைலர் நன்றாகத் தைக்கிறார், வார்டில் கொடுத்த கஞ்சியில் உப்பே இல்லை என்று, ஒவ்வொரு சொல்லாக இழுத்து இழுத்துச் சொல்லிக்கொண்டே போனான். பின்னால் சாப்பாட்டுப் பந்தி காத்திருந்தது. சீஃப் கண்ணைக் காட்ட, மருத்துவமனை மேனேஜர் மைக்கை வாங்க மேடையேறினார்.

முன்வரிசையில் இருந்த சென்னியப்பன் எழுந்து மேனேஜரின் கையைப் பிடித்தார்.

"உடுங்க. அவன் பேசட்டும்."